அரட்டை அறையை மூடலாமா? சிங்கப்பூர்த் தமிழர் பார்த்த சில நிறுத்தங்கள்

தேக்கா பக்கம் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ்த் துணைப்பாட வகுப்பு ஒன்று நடக்கிறது. நான் அதில் தொண்டூழியர். உயர்நிலை மூன்றில் படித்தபோது அதே வகுப்பில் மாணவனாக உட்கார்ந்திருந்தவன்தான். 2006இல் எங்களுக்கு மூத்த அண்ணன் ஒருவர், கணினி படித்தவர், வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து எங்களுக்கென்று ஓர் அரட்டை அறையை அமைத்துக் கொடுத்தார். தமிழில் மட்டும்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. கட்டுரைக்குக் கருத்து கேட்பதும் மரபுத்தொடருக்குப் பொருள் கேட்பதும் அங்கேதான். தேர்வு முடிந்த இரவு வினாத்தாளைத் திட்டித் தீர்த்ததும் அங்கேதான்!

அந்த அறை இன்றும் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் பத்துப் பதினொரு பேர். அமைத்துக் கொடுத்த அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இல்லை, மாதாமாதம் 12 வெள்ளி மட்டும் யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இவ்வாண்டு தொண்டூழியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. "மூடிடலாம் சார், எல்லாரும் வாட்ஸ்அப்லதானே இருக்காங்க?" என்றார் இளையவர் ஒருவர். "பத்து பேர் இருக்காங்கல்ல, அவங்க என்ன செய்வாங்க?" என்றார் இன்னொருவர். முடிவு சொல்லும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. வரலாறு கொஞ்சம் படித்தவன் என்பதால், இதற்குமுன் இப்படிப்பட்ட முடிவுகளை யார், எப்படி எடுத்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததை ஆசிரிய நண்பர்களுக்கும் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தந்தியிலிருந்து தொடங்குவோம். அது அரட்டை இல்லைதான். ஆனால் ஒரு தொடர்புச் சேவை எப்படிச் சாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே ஓடியது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. கப்பலில் பல நாள் பயணம் செய்து வர வேண்டிய சேதி சில மணி நேரத்தில் இங்கே வந்தது. முதலில் அது வணிகர்களுக்கும் அரசுக்கும்தான் பயன்பட்டது. பாமரனுக்கு அந்தக் கட்டணம் கட்டுபடியாகாது. பிறகு மெல்ல மெல்ல வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. தந்திக்காரர் வாசலில் நின்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சாவுச் செய்தியும் அதில்தானே வரும்! ஒரு நாளிதழின் பெயரிலும் 'தந்தி' உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சேவையை இந்தியாவின் பிஎஸ்என்எல் நிறுவனம் 2013 ஜூலை 14ஆம் தேதியோடு நிறுத்தியது. 163 ஆண்டுச் சேவைக்கு ஏறத்தாழ ஒரு மாத முன்னறிவிப்பு. காரணம் எளிது: வரவு இல்லை, செலவு உண்டு. கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வாழ்நாளில் ஒரு தந்திகூட அடிக்காத இளையர்கள் நினைவுக்காக வரிசையில் நின்றார்கள். நான் இங்கே கவனிப்பது வேறொன்றை. தந்தி போனாலும் வீட்டுக்கு வந்த தந்தித் தாள் போகவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் அங்கேயே இருந்தது. நிறுவனம் சேவையைத்தான் நிறுத்தியது, செய்தியைப் பறிக்கவில்லை. கணினி அரட்டை வந்தபோது மாறியது இந்த இடம்தான். நாம் பேசியது நம் பெட்டியில் இல்லாமல் சேவை நடத்துகிறவரின் பெட்டிக்குள் போய்விட்டது.

கணினி அரட்டையின் தொடக்கத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. 1988 ஆகஸ்ட்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் என்பவர் ஐஆர்சி என்ற அரட்டை முறையை எழுதினார். அவர் வேலை செய்த இடத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய அரட்டை நிரலுக்குப் பதிலாகத்தான் அதை எழுதினார். அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்த அரட்டைச் சேவை பிறந்ததே இன்னொன்றை ஓய்வுக்கு அனுப்புவதற்காக. ஐஆர்சிக்கு ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். அதனால் அதை மூடுகிற அதிகாரமும் ஒருவரிடம் இல்லை. இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி பின்னலை நடத்துவது யார் என்று தகராறு வந்தபோது, அதை நடத்திவந்த தொண்டூழியர்கள் வெளியேறி லிபரா சாட் என்ற புதிய பின்னலைத் தொடங்கினார்கள். பெரும்பாலான குழுக்கள் அவர்கள் பின்னாலேயே போயின. வீட்டுக்காரர் சரியில்லை என்று ஊரே குடிபெயர்ந்த மாதிரி.

இதற்கு நேர்மாறு பிரான்ஸின் மினிடெல். தொலைபேசி நிறுவனமே 1982இல் நாடு முழுவதும் அறிமுகப்படுத்தியது. தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு சின்னத் திரையையும் விசைப்பலகையையும் இலவசமாக வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். விலாசம் தேடுவதற்காகக் கொடுத்ததை மக்கள் அரட்டைக்குப் பயன்படுத்தினார்கள். நிறுவனத்துக்குக் காசு கொட்டியதும் அந்த அரட்டையில்தான். இணையம் வந்து பல ஆண்டு ஆன பிறகும் அதை உடனே மூட முடியவில்லை. பழகிய முதியவர்கள், கால்நடைத் தகவலைப் பதிவு செய்யும் விவசாயிகள் என்று ஒரு கூட்டம் அதை விடாமல் பிடித்திருந்தது. 2012 ஜூன் 30 அன்றுதான் அணைத்தார்கள். நம் ஊரிலும் 1990களின் தொடக்கத்தில் டெலிவியூ என்று இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேவை இருந்தது. இணையம் பரவியதும் அது சத்தமில்லாமல் மறைந்தது. மாணவர்களிடம் டெலிவியூ என்றால், "அது என்ன டிவி சார்?" என்கிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருந்தது இங்கேதான்.

இணையத்தில் தமிழ் ஏறியதில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மாணவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற முறையை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் இயங்கிய இணைய ஆய்வுப் பிரிவு அவரோடு சேர்ந்து உழைத்தது. 1995 அக்டோபர் 27 அன்று நான்கு மொழிகளிலும் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்றை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் இணையத்தில் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் தமிழ் எழுத்திலேயே தெரிந்தது. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் தமிழ் எழுத்து திரையில் தெரிவது வேறு, தமிழில் இருவர் பேசிக்கொள்வது வேறு. கணினிக்கு எழுத்தெல்லாம் எண்கள்தான். 'அ' என்பதற்கு எந்த எண் என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. நான் ஒரு முறையில் எழுதி அனுப்புகிறேன், உங்களிடம் வேறு எழுத்துரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் கோழி கிறுக்கிய மாதிரி ஏதோ வரும். ஆகவே பெரும்பாலோர் என்ன செய்தார்கள்? தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அப்படி அடித்த ஒரே சொல்லைப் பழம் என்றும் படிக்கலாம், பலம் என்றும் படிக்கலாம், பாலம் என்றும் படிக்கலாம். அரட்டையில் சண்டை வருவதற்கு இது ஒன்றே போதும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எத்தனை முறை கூடிப் பேசினார்கள் பாருங்கள்! 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது. அதில் டாம், டாப் என்ற இரண்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. இதற்கிடையே உலகத் தமிழ் ஆர்வலர்கள் சேர்ந்து திஸ்கி என்ற வேறொரு முறையை வளர்த்தார்கள். நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். 2000 ஜூலையில் மாநாடு மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தபோது உத்தமம் என்ற அமைப்பு உருவானது. கடைசியில் எல்லாமே ஒருங்குறிக்குள் போய்ச் சேர்ந்தன. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்று ஆணை பிறப்பித்தது 2010 ஜூனில்.

கவனியுங்கள். கணியன் முறை, டாம், டாப், திஸ்கி எல்லாமே ஓய்வுபெற்ற சேவைகள்தான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரவு பகலாக உழைத்தவர்கள் இருந்தார்கள். தன் குழந்தையைத் தானே விட்டுக்கொடுக்க அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அந்த விவாதங்களில் சூடு பறந்தது. ஆனாலும் முடிவு ஒரு கம்பெனியின் கணக்கு ஏட்டில் எடுக்கப்படவில்லை. மாநாட்டு மேடையில், எல்லாரும் பார்க்க, பத்தாண்டுக்கு மேல் இழுத்து எடுக்கப்பட்டது. இன்னொன்றும் நடந்தது. பழைய முறையில் எழுதியதைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் மாற்றிகளை ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து வைத்தார்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியை அந்தக் காலத்தில் பயன்படுத்தாத தமிழ் ஆசிரியர் குறைவு. பழைய திஸ்கிக் கோப்பு ஒன்று உங்கள் வட்டில் கிடந்தால் இன்றும் அதைப் படித்துவிடலாம். முறை போனது, எழுதியது போகவில்லை.

கம்பெனிகள் நடத்திய அரட்டைகளில் நடந்தது வேறு.

எங்கள் தலைமுறைக்கு எம்எஸ்என் மெசஞ்சர்தான் எல்லாம். 1999இல் வந்தது. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால் பை ஒரு பக்கம், காலுறை ஒரு பக்கம், கை நேராகக் கணினிக்குத்தான் போகும். யாராவது பதில் போடாவிட்டால் அவர் சன்னலையே உலுக்கிவிடலாம்! அம்மா பின்னால் வந்து நின்றால் சட்டென்று கணிதப் பயிற்சியைத் திறந்துகொள்வோம். மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை 2011இல் 850 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் மெசஞ்சரை மூடிப் பயனர்களை ஸ்கைப்புக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 2013இல் மாற்றமும் நடந்தது. சீனாவில் மட்டும் 2014 அக்டோபர் வரை விட்டுவைத்தார்கள். பிறகு அந்த ஸ்கைப்பின் முறை வந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று அறிவிப்பு, மே 5 அன்று மூடல். அதாவது பத்து வாரம்கூட முழுதாக இல்லை.

ஸ்கைப் போனதில் நம் சமூகத்துக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. ஊரில் பிள்ளை பிறந்தால் இங்கிருந்து அப்பா முகம் பார்த்தது அதில்தான். மாமியார், மருமகள் சமாதானமும் அதில்தான் நடந்திருக்கும். வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, அக்கா இங்கே வளைகாப்பில் உட்கார்ந்திருக்க, திருச்சியில் இருந்த பாட்டி ஸ்கைப் திரையைத் தொட்டு ஆசி சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எல்லா மூடலும் செலவுக் கணக்கால் வந்ததல்ல. 2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பா, ஆசியாவின் பெரும்பகுதி உட்படப் பல இடங்களில் தன் இலவச அரட்டை அறைகளை மூடியது. தேவையற்ற விளம்பரச் செய்திகளும், பிள்ளைகளைக் குறிவைத்து நுழையும் பெரியவர்களும்தான் காரணம் என்றது. 2005இல் யாஹூவும் பயனர்கள் தாங்களாகவே உருவாக்கிய அறைகளை மூடியது. அங்கேயும் பிள்ளைகளின் பாதுகாப்புதான் பிரச்சினை. மிச்சமிருந்த பொது அறைகள் 2012 டிசம்பரில் போயின. ஆசிரியர் என்ற முறையில் இந்த இரண்டு முடிவுகளையும் நான் குறை சொல்லமாட்டேன். பூட்டுப் போட முடியாத அறையை மூடிவிடுவதுதான் நல்லது. அங்கே உண்மையாகவே தமிழ் பேசிப் பழகிய நல்ல கூட்டமும் சேர்ந்து தெருவுக்கு வந்தது என்பதையும் மறுக்கமாட்டேன்.

யாஹூ குழுக்களின் முடிவுதான் எனக்கு ஆறவில்லை. 'ராயர் காப்பி கிளப்', 'மரத்தடி', 'அகத்தியர்' என்று தமிழ்க் குழுக்கள் அங்கே கூடிப் பேசின. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, வளைகுடா என்று சிதறிக் கிடந்தவர்கள் இலக்கியம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், எழுதக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் புத்தகம் போட்ட சிலர் முதலில் கை பழகியது அங்கேதான். 2019 அக்டோபர் நடுவில் யாஹூ அறிவித்தது: அம்மாதம் 28ஆம் தேதியோடு புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14க்குப் பிறகு பழையதெல்லாம் அழிக்கப்படும். கண்டனம் எழுந்ததால், தங்கள் தரவைக் கேட்டு வாங்கிக்கொள்ள 2020 ஜனவரி இறுதி வரை தவணை கொடுத்தார்கள். உலகமெங்கும் தொண்டூழியர்கள் ஓடி ஓடி அள்ளினார்கள். முழுதாக அள்ள முடியவில்லை. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றுபோனது. பாதியில் எழுந்து போன குழு உறுப்பினருக்கு, கடவுச்சொல்லை மறந்த மட்டறுத்துநருக்கு, காலமாகிவிட்ட எழுத்தாளருக்கு யார் அறிவிப்பு அனுப்புவது?

தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் புரட்டலாம். அந்தக் காலத்து வாசகர் கடிதங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல் ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கம் செய்தார்கள். அச்சில் ஏறியது பிழைத்துக்கொண்டது. அச்சில் ஏறாத பேச்சு, அதுவும் நேற்றுப் பேசியது, அம்போவென்று போய்விட்டது. அறுபது ஆண்டுக்கு முந்தைய வாசகர் கடிதம் கிடைக்கிறது, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய என் சொந்த அரட்டை கிடைக்கவில்லை என்றால் சிரிப்பதா அழுவதா?

இனி நம் ஊரில் நடந்த ஒரு மூடல். இதுவும் அரட்டைச் சேவை என்று சொல்ல முடியாது. ஆனால் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊழியர்களுக்கு அதுவே அரட்டை, அதுவே வீடு. 1994 முதல் இயங்கிவந்த 2ஜி கைத்தொலைபேசிச் சேவையைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை மின்னூட்டினால் நாலு நாள் தாங்குகிற, கீழே விழுந்தாலும் உடையாத அந்தச் சின்னப் போன்களை நினைத்துப் பாருங்கள். லெம்பு சாலைத் திடலிலும் ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்திலும் உட்கார்ந்து, தொலைபேசி அட்டையின் எண்ணைச் சுரண்டி, ஊருக்குப் பேசியவர்கள் எத்தனை பேர்! "ரெண்டு ரிங் விட்டு வைக்கிறேன், சேர்ந்துட்டேன்னு அர்த்தம்" என்று காசில்லாமலே சேதி சொல்லும் கலையும் அவர்களுக்குத் தெரியும்.

2015 ஜூனில் அறிவிப்பு வந்தது: சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் 2017 ஏப்ரல் முதல் 2ஜியை நிறுத்தும். அலைக்கற்றை குறைவான பொருள், அதைப் புதிய சேவைகளுக்குத் திருப்பினால் கூடுதல் பேருக்குப் பயன் என்பதுதான் காரணம். எஞ்சியிருந்தவர்களில் முதியவர்களும் வெளிநாட்டு ஊழியர்களும் கணிசம். இங்கேதான் வித்தியாசம். அறிவிப்புக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே ஏறத்தாழ 22 மாதம் இருந்தது. நிறுவனங்கள் பழைய போனை மாற்றிக்கொள்ளச் சலுகை கொடுத்தன. எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எண் மாறாமல் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஊரில் அம்மா ஒரே ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான் தெரியும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்லவில்லை. பழகிய போனை விட்டுப் பிரிய மனமில்லாத தாத்தா எங்கள் புளோக்கிலேயே இருந்தார். ஆனால் மூன்றே ஆண்டில், 2020 ஏப்ரலில், கிருமித்தொற்றால் ஊழியர் விடுதிகள் மூடப்பட்டபோது, அறைக்குள் அடைபட்ட ஒருவரிடம் இருந்தது அந்தச் சின்னப் போன் மட்டும்தான் என்றால் என்ன ஆகியிருக்கும்? முகம் பார்த்துப் பேச வழி இருந்திருக்காது. ஒரு சேவையை மூடியதால் நன்மை விளைந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே மூடுவதே குற்றம் என்று வாதாட நான் வரவில்லை.

இதே ஊரில் ஒரு தமிழ்ச் சேவை தன்னைத்தானே மாற்றிக்கொண்டு பிழைத்த கதையும் உண்டு. 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் 'செல்லினம்' ஒலி 96.8 வானொலியின் ஆதரவோடு சிங்கப்பூரில் அறிமுகமானது. கைத்தொலைபேசியிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுதி அனுப்பலாம். அது ஓடிய பழைய ஜாவா போன்கள் இன்று குப்பையில் கிடக்கின்றன. செல்லினம் திறன்பேசிக்குள் விசைப்பலகையாகக் குடியேறிவிட்டது. இந்தக் கட்டுரையின் சில பத்திகளைக்கூட விரைவுரயிலில் நின்றபடி அதில்தான் அடித்தேன்.

வகுப்பில் இதையெல்லாம் சொன்னபோது ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். அறிவிப்புக்கும் அணைப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள் என்றேன். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூன் 8இலிருந்து ஜூலை 17 வரை. ஐசிக்யூ 1996இல் பிறந்து 2024 ஜூன் 26 அன்று முடிந்தது, அதற்கும் ஏறத்தாழ ஒரு மாதம்தான். தந்திக்கும் ஒரு மாதம். 2ஜிக்கு 22 மாதம். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், காசு வாங்காத சேவைக்குத்தான் நாள் கம்மியா குடுக்குறாங்க." நான் யோசிக்காத கோணம். தந்தி அதற்குள் அடங்காது என்றாலும் மற்றவற்றுக்கு அவள் சொன்னது பொருந்துகிறது. 2ஜிக்குக் கட்டணம் உண்டு, உரிமம் உண்டு, மேலே கேட்க ஆணையம் உண்டு. இலவச அரட்டைக்கு யார் கேட்பது? வாய்மொழித் தேர்வில் தொடர்புச் சாதனங்கள் பற்றிக் கேள்வி வந்தால் "நன்மைகள் உண்டு, தீமைகளும் உண்டு" என்று ஒப்பிக்காமல் இப்படி ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி எங்கள் அரட்டை அறை. போன மாதம் சிராங்கூன் சாலையில் ஒரு தோசைக் கடையில் மறுபடியும் கூடினோம். நான் படித்ததைச் சொன்னேன். மூடலாம், ஆனால் தேர்வுக் காலத்தில் வேண்டாம், சாதாரண நிலைத் தேர்வு முடியட்டும், மூடுவதற்குமுன் உள்ளே இருப்பதை எடுத்துவைக்க வேண்டும் என்றேன். அப்போதுதான் எதிர்பாராத தடை வந்தது. முன்னாள் மாணவி ஒருவர், இப்போது தாதியாக இருக்கிறார், சொன்னார்: "அண்ணா, பதிமூணு வயசுல நான் அதுல என்னென்னவோ எழுதியிருக்கேன். அதையெல்லாம் எடுத்து வெச்சு யார் படிக்கப்போறாங்க? என்னோடத அழிச்சிடுங்க."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாசகர் கடிதம் எழுதியவர் அது அச்சாகும் என்று தெரிந்து எழுதினார். நாங்கள் அப்படி எழுதவில்லை. யாஹூ அழித்தது என்று அவ்வளவு ஆத்திரப்பட்ட நான், என் கையில் அதே பொத்தான் வந்ததும் தயங்கினேன். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: ஒவ்வொருவரும் தாம் எழுதியதைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மரபுத்தொடர், கட்டுரைக் கருத்து, செய்யுள் விளக்கம் என்று பாடம் சார்ந்தவற்றை மட்டும் எழுதியவர் சம்மதத்தோடு பெயர் நீக்கித் தொகுப்போம், மற்றது போகட்டும். தேதி நவம்பர் 30. இடையே எட்டு வாரம். ஸ்கைப் கொடுத்ததைவிடக் குறைவு என்று ஒருவர் குத்திக்காட்டினார். ஆனால் நாங்கள் பத்துப் பதினொரு பேருக்கும் நேரில் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம் என்று சமாதானம் சொன்னேன். அவர் முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

புதிதாக எங்கே போவது என்பதில் இன்னும் இழுபறி. சிலர் வாட்ஸ்அப் என்கிறார்கள். சிலர் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்கிறார்கள், பெயரே தமிழாக இருக்கிறதே என்று. அதுவும் ஒருநாள் ஓய்வுபெறும் என்றேன், யாரும் ரசிக்கவில்லை.

பத்துப் பேரில் ஒருவர் எங்களுக்கு அந்தக் காலத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுபதைத் தாண்டியவர். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு குறளைத் தட்டச்சு செய்து போட்டு 'வணக்கம்' என்று எழுதுவார். பல நாள் பதில் சொல்ல ஆள் இருக்காது, அடுத்த நாளும் போடுவார். அவரைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிப்பா, டிசம்பர் ஒண்ணாம் தேதி காலையில நான் எங்க வணக்கம் போடணும், அதை மட்டும் சொல்லு" என்றார். வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவர் வீட்டுக்குப் போய்ப் போனில் புதியதை ஏற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக வைக்க வேண்டும் என்று இரண்டு முறை ஞாபகப்படுத்தினார்.